பக்கத்து சீட்டில் சம்மணம்

விண்ணப்பத்தில் மொத்தம் பதினோரு கேள்விகள். அதில் பத்துக்கு, ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் பிரேக்கக்கா பதில் எழுதிவிட்டார். ஒன்பதாவது மட்டும் நந்தி மாதிரி குறுக்கே நின்றது. 'உங்கள் நிறுவனத்தின் தொலைநோக்கு என்ன? நூறு சொற்களுக்கு மிகாமல் எழுதுக.'

"என்னங்க, நம்மகிட்ட நிறுவனம் எதாவது இருக்கா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவர் தலையைத் தூக்காமலே, "பரண்ல ஏறிப் பாரு. பழைய பெட்டிக்குப் பின்னாடி கெடக்கும்" என்றார்.

அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. நடத்துவது கார் ஓட்டப் பழக்கும் பள்ளி. பள்ளி என்றதும் கட்டடத்தைத் தேட வேண்டாம். சாம்பல் நிறக் கார் ஒன்று, அதன் கூரையில் ஒரு தகரப் பலகை, டேஷ்போர்டில் கிளிப் போட்ட அட்டை, பக்கத்து சீட்டில் அக்கா. அவ்வளவுதான். பக்கத்து சீட்டின் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. இருபது வருடமாக அதன்மேல் வைத்து வைத்து, அக்காவின் வலது கால் இப்போது அவர் பேச்சைக் கேட்பதில்லை. பஸ்ஸில் போனால் தரையை மிதிக்கும். டிவியில் கார் வேகமாக வந்தால் டீப்பாயை மிதிக்கும். பல் டாக்டர் ஊசியோடு நெருங்கியபோது அது உதைத்த உதையில் ஒரு தட்டு சாமான் தரைக்குப் போனது. பிரேக்கக்கா என்று பெயர் வைத்தது படிக்க வந்தவர்கள்தான். பிறகு வீட்டிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

விண்ணப்பம் முற்றத்துக்காக. மூடிப்போன பிஸ்கட் தொழிற்சாலையின் பின்பக்கம் சிமென்ட் போட்ட பெரிய முற்றம் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் லாரிகள் வந்து திரும்பிய இடம். புதிதாக ஸ்டியரிங் பிடிக்கிறவர்களை முதல் பத்து வகுப்பு அக்கா அங்கேதான் ஓட்ட விடுவார். ஆறு பழைய டிரம்களைத் தவிர இடிப்பதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. டிரம்களும் இடிபட்டு இடிபட்டு இடுப்பு வளைந்துதான் நிற்கும். இத்தனை வருடம் யாரும் ஏனென்று கேட்கவில்லை. இப்போது இடத்தை ஒரு கம்பெனி வாங்கியிருந்தது. முற்றத்தை முறைப்படி வாடகைக்கு விடப்போவதாகவும், வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் கேட்டில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டார்கள். கார் நிறுத்துமிடம் நடத்தும் ஒருவரும், நாற்காலி மேஜைக் கிடங்குக்காரர் ஒருவரும் அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனதை அக்கா கண்ணால் பார்த்தார்.

முற்றம் போனால் பள்ளியும் போனது. முதல் நாளே மெயின் ரோட்டில் இறக்கிவிடும் பள்ளிகள் ஏழெட்டு இருக்கின்றன. அக்காவிடம் வருகிறவர்கள் பாதிப் பேர் அந்தப் பள்ளிகளிலிருந்து பயந்து ஓடி வந்தவர்கள்.

புதன்கிழமை சாயங்காலம் கொழுந்தன் வந்தார். இன்சூரன்ஸ் ஆபீசில் மேலாளர். வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல், "எங்க அண்ணி அந்தக் கேள்வி? எனக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு" என்று உட்கார்ந்தார்.

அக்கா தான் எழுதி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். கொழுந்தன் சத்தமாகப் படித்தார். "முதலில், என்னை வண்டி ஓட்ட வைத்த என் கணவருக்கு நன்றி. இரண்டாவது, ஒன்றும் கேட்காமல் காலை ஆறு மணிக்கு கேட்டைத் திறந்துவிட்ட பழைய வாட்ச்மேனுக்கு நன்றி. மூன்றாவது, பக்கத்து சீட்டுக்கு பிரேக் வைத்துக் கொடுத்த மெக்கானிக்குக்கு. நான்காவது, முதல் ஆளாக என்னை நம்பி வந்த பேக்கரிக்கார அம்மாவுக்கு..." அதோடு நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அண்ணி, இது என்ன ஆண்டு விழாவா? நன்றியுரை எழுதியிருக்கீங்க."

"பின்ன? அவங்க இல்லாம இது எங்கேருந்து வந்துச்சாம்?"

"வந்தது இருக்கட்டும். போறது எங்கேன்னுதானே கேக்குறாங்க? முன்னாடி பாருங்கன்னு சொன்னா நீங்க கண்ணாடியில பின்னாடியே பாத்துக்கிட்டு இருக்கீங்க."

"ரெண்டையும் பாக்கணும் தம்பி. கண்ணாடி பாக்காதவங்களுக்கு நான் வகுப்பே முடிச்சுக் கொடுக்க மாட்டேன்."

"அவகிட்ட பேசி ஜெயிக்க முடியாதுடா" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நான் இருபத்தொம்பது வருஷமா முயற்சி பண்றேன்."

அக்கா எழுதிய நன்றிகளில் ஒன்றுகூட ஒப்புக்கு எழுதியது இல்லை. இருபத்தொரு வருடத்துக்கு முன் கணவர் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். முதுகெலும்பில் அறுவை சிகிச்சை என்று படுத்தவர் எட்டு மாதம் எழுந்திருக்கவில்லை. டாக்ஸி வாசலில் உறை போட்டு நின்றது. குடும்பத்தில் வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. ஒரு நாள் படுக்கையில் கிடந்தபடியே ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்து அக்காவின் கையில் கொடுத்து, "இதான் ஸ்டியரிங். அப்படி உக்காரு" என்றார். இரண்டு மாதம் தட்டைத் திருப்பி, ஒரு மரக்கரண்டியை கியராக மாற்றி, தரையில் வைத்த மூன்று தலையணைகளை மிதித்து அக்கா ஓட்டப் பழகினார். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பாவம், கவலையில் இந்தப் பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக் கொஞ்ச நாள் இரக்கமாகப் பேசினார்.

கணவர் எழுந்து உட்கார ஆரம்பித்ததும் இருவரும் அந்த முற்றத்துக்குப் போனார்கள். வாட்ச்மேன் தடுக்கவில்லை. கேட்டைத் திறந்துவிட்டு, தன் நாற்காலியைச் சுவர் ஓரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். கணவர் பக்கத்து சீட்டில் ஏறி, முதுகுக்கு ஒரு தலையணையை முட்டுக் கொடுத்து, இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அப்போது பிரேக்கும் கிடையாது. "என்னால ஒண்ணும் பண்ண முடியாது, பாத்துக்கோ. வண்டி உன் கையில" என்றார். அக்கா ஓட்டினார். சம்மணம் போட்டுச் சாவகாசமாக ஒரு மனிதர் பக்கத்தில் இருக்கும்போது எப்படிப் பயப்படுவது?

பள்ளி தொடங்கியதும் அக்காவும் அதையே வழக்கமாக்கிக்கொண்டார். பதினான்காவது வகுப்பில், அதை முற்றத்தில்தான் நடத்துவார், சொல்லாமல் கொள்ளாமல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்கு அர்த்தம், நீங்கள் தேறிவிட்டீர்கள், என் கால் இனி உங்களுக்கு உதவாது. சான்றிதழைவிட அந்தச் சம்மணத்தைத்தான் படித்தவர்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். "உனக்கு அக்கா எப்ப உக்காந்தாங்க?" என்பதுதான் அவர்களுக்குள் விசாரிப்பு.

கொழுந்தன் அரை மணி நேரத்தில் ஒரு பதில் எழுதி நீட்டினார். "ஓட்டுநர் பயிற்சித் துறையில் முன்னணி நிறுவனமாகத் திகழ்வதும், உலகத்தரம் வாய்ந்த சேவையின் மூலம் வாடிக்கையாளர் மனநிறைவை உறுதிசெய்வதும், ஒருங்கிணைந்த சாலைப் பண்பாட்டின் முன்னோடியாக விளங்குவதும் எமது தொலைநோக்காகும்."

அக்கா இரண்டு முறை படித்தார். "நல்லாதான் இருக்கு தம்பி. இதுல கார் எங்க இருக்கு?"

"கார் எதுக்கு அண்ணி? இது தொலைநோக்கு."

அக்கா காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். நாள் முழுக்க ஆபீசில் உழைத்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் தனக்காக வந்து உட்கார்ந்த மனிதர். இரண்டாவது டீ போட்டுக் கொடுத்து, வாசல் வரை போய் அனுப்பிவைத்தார். காகிதத்தை விண்ணப்பத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தினார். ஆனால் ஒன்பதாவது கேள்விக்கான கட்டத்துக்குள் அதைப் பார்த்து எழுதக் கை வரவில்லை. வியாழனும் போனது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி வகுப்புக்கு தபாலம்மா வந்தார். முப்பது வருடம் தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். அக்காவைவிட நாலு வயது மூத்தவர், ஆனாலும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். அவர் கணவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. கண் ஆஸ்பத்திரி நகரத்தின் மறுகோடியில். வீட்டில் கார் நின்றது, ஓட்ட ஆள் இல்லை. வாரா வாரம் இரண்டு பஸ் மாறி, கணவரின் கையைப் பிடித்துப் படி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

அன்று அவருக்கு எட்டாவது வகுப்பு. அதுவரை நடந்த ஏழில் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. தபாலம்மாவுக்குக் கையும் சரி, காலும் சரி, கண்தான் தப்பான இடத்தில் இருந்தது. முன்னால் பார்க்காமல் அக்காவின் வலது காலையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கால் அரை அங்குலம் அசைந்தால் இவர் பதறி கிளட்ச்சை விடுவார். வண்டி தும்மிவிட்டு நின்றுவிடும்.

"தபாலம்மா, என் கால்ல என்ன சினிமாவா ஓடுது?"

"பழக்கதோஷம் அக்கா. கவுன்டர்ல எதிராளி கையைப் பாத்துப் பாத்து வந்தது."

அன்று வண்டியை எடுப்பதற்கு முன் அக்கா கொழுந்தனின் பதிலை அவருக்குப் படித்துக் காட்டினார். தபாலம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார். "யாருக்கா இது? நீங்களா?"

"நான்தான் போல."

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. முப்பது வருஷம் ஃபாரம் வாங்கினவ நான். இந்த மாதிரி எழுதினத நாங்க படிக்கவே மாட்டோம். சீல் குத்தி உள்ள தள்ளிருவோம்."

"அப்ப எதத்தான் படிப்பீங்க?"

"சில பேரு அழுத்தி எழுதியிருப்பாங்க. பின்பக்கம் தடவினா தடம் தெரியும். அத மட்டும் எடுத்துப் படிப்போம்."

அக்காவுக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. மணி பன்னிரண்டே கால். இதற்குப் பிறகு இன்னும் இரண்டு வகுப்பு இருந்தது. நான்கு மணிக்கு மேல் யார் அழுத்தி எழுதி என்ன, எழுதாமல் என்ன?

"தபாலம்மா, ஃபர்ஸ்ட் கியர்லயே மெதுவா ஓரமா சுத்திக்கிட்டு இருங்க. நான் ஒரே ஒரு வரி எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு விண்ணப்பத்தை எடுத்தார். அட்டை மடியில் நிற்காமல் வழுக்கியது. செருப்பைக் கழற்றிவிட்டார். கால்களை மடக்கிச் சம்மணம் போட்டு, தொடைமேல் அட்டையை நிறுத்தி வைத்து, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தார்.

இருபது வருடத்தில் அவர் செய்யாத தப்பு அது.

தபாலம்மா வழக்கம்போலக் குனிந்து அந்தக் காலைத் தேடினார். காலைக் காணோம். சீட்டின்மேல் இரண்டு முழங்கால்கள் இரு பக்கமும் அகன்று கிடந்தன. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற அந்தச் சம்மணம்! எட்டாவது வகுப்பிலேயே! அவர் வாய் திறக்கவில்லை. திறந்தால் அக்கா மனசை மாற்றிக்கொண்டுவிடுவார் என்ற பயம். சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பார்ப்பதற்கு இனிக் கால் இல்லாததால் முதல் முறையாக முன்னால் பார்த்தார்.

அக்கா 'எங்கள் நிறுவனம்' என்று எழுதி அடித்தார். 'எங்கள் பள்ளி' என்று எழுதி அடித்தார். பேனா குலுங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வண்டி தும்மவில்லை. காற்று முகத்தில் பட்டது. நிமிர்ந்து பார்த்தால் வண்டி செகண்ட் கியரில் முற்றத்தின் நீளத்துக்கும் வழுக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. எதிரே சுவர்.

"தபாலம்மா!"

அலறல் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அலறினால் இவர் பதறுவார் என்று இருபது வருட வேலை சொன்னது. காலை இறக்கப் பார்த்தார். இரண்டு காலும் மரத்துப்போய்விட்டன. ஆண்டாண்டு காலமாக டீப்பாயையும் பஸ்ஸையும் மிதித்த அந்தக் கால், வேண்டிய நேரத்தில் விறகுக்கட்டை மாதிரி தொடைக்குக் கீழே கிடந்தது.

செய்வதற்கு ஒன்றும் இல்லை. அக்கா அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தை மட்டும் சாவகாசமாக வைத்துக்கொண்டார்.

சுவருக்கு வெகு முன்னாலேயே தபாலம்மா வேகத்தைக் குறைத்தார். கண்ணாடி பார்த்தார். அகலமாக ஒரு திருப்பம் எடுத்தார். டிரம்களுக்கு நடுவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளிந்து போனார். கடைசி டிரம்முக்கு அப்பால் நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு, தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்து, இரண்டு டிரம்களுக்கு நடுவில் வண்டியைக் கொண்டுபோய் ஒரு தபால் தலை ஒட்டுவதுபோல நேராக நிறுத்தினார். கைப்பிரேக்கை இழுத்தார். பிறகுதான் மூச்சு விட்டார்.

"ரொம்ப நன்றிக்கா" என்றார். கண் கலங்கியிருந்தது. "இவ்வளவு சீக்கிரம் உக்காருவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

"நான் எங்க உக்காந்தேன்? எழுதறதுக்குக் காலை மடக்கினேன்!"

தபாலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நான் பாஸ் இல்லையா?"

"உங்கள ஃபர்ஸ்ட் கியர்ல சுத்தச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. அப்புறம் உக்காந்துட்டீங்களே!"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. தபாலம்மா சிரித்த சிரிப்பில் நெற்றி ஹாரனில் பட்டு அது ஒரு தடவை அலறியது. அதற்கு இன்னும் சிரித்தார்கள். அக்கா கதவைத் திறந்து, கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி வெளியே வைத்து, உள்ளங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். இந்தச் சீட்டில் பிரேக்கும் இல்லாமல், உடம்பும் வராமல், தலையணை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்த மனிதருக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று இருபத்தொரு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் யோசித்ததில்லை.

பிறகு அட்டையைக் காரின் முன்மூடியின்மேல் வைத்து, நின்றபடியே, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார்.

'என்னிடம் ஒரு கார் இருக்கிறது. அதில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது. வருகிறவர் எல்லோருக்கும் ஒரு நாள் அந்த பிரேக் வேண்டாததாகிவிட வேண்டும். அன்றைக்கு நான் கால்களை மடக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன், அவர் என்னை ஏற்றிக்கொண்டு போவார். இன்னும் பத்து வருடம் இப்படி நிறையப் பேருக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க ஆசை. பயந்தவர்கள் பழக, இடிக்க ஒன்றும் இல்லாத இடம் வேண்டும். எனக்கு அப்படி ஓர் இடம் கிடைத்தது. அதற்காக கேட்டைத் திறந்துவிட்டவருக்கு நன்றி.'

தபாலம்மா வாங்கிப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். "நூறுக்குள்ளதான் இருக்கு." காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் தடவிப் பார்த்துவிட்டு, "தடம் விழுந்திருக்கு" என்றார்.

மூன்றரைக்குக் கம்பெனி ஆபீசில் அக்கா கொடுத்தபோது, வாங்கிய பெண் சீல் குத்திவிட்டு, ஒன்பதாவது பதிலில் கண்ணை ஓட்டினார். "நிஜமாவே உக்காந்துருவீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"பதினாலாவது நாள்" என்றார் அக்கா. அன்று நடந்ததைச் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து போன் வந்தது. முற்றம் முழுசாகக் கிடைக்கவில்லை. காலை ஆறு மணியிலிருந்து ஒரு மணி வரை அக்காவுக்கு, அதற்கு மேல் கார் நிறுத்துமிடக்காரருக்கு. டிரம்களை தினமும் ஒரு மணிக்கு உருட்டி ஓரம் சேர்த்துவிட வேண்டும். "உங்களோடது மட்டும்தான் மேடம் ஆபீஸ்ல நாங்க மூணு பேரும் படிச்சோம். மத்ததெல்லாம் ஒரே ஆளு எழுதின மாதிரி இருந்துச்சு" என்றது அந்தப் பெண்ணின் குரல்.

கொழுந்தனுக்குச் செய்தி சொன்னபோது அவர் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. "நான் எழுதினதப் படிச்சதாலதான அண்ணி உங்களுக்கு இது வந்துச்சு?" என்றார். அக்கா அதையும் ஒத்துக்கொண்டார். பொய்யில்லையே.

சாவி கைக்கு வந்த முதல் காலை, ஆறு மணிக்கு, அக்கா கணவரை எழுப்பிக் காரில் உட்கார வைத்து முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கேட்டைத் தானே திறந்தார். கணவர் பக்கத்து சீட்டில் தலையணையை முட்டுக் கொடுத்துக்கொண்டு, பழைய பழக்கத்தில் இரண்டு காலையும் மடக்கினார். வயதுக்கு அது இப்போது கொஞ்சம் நேரம் பிடித்தது.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் அக்கா. "அன்னிக்கு இங்க நான் மொத நாள் ஓட்டினேனே. உங்களுக்குப் பயமா இல்லையா?"

கணவர் அவரை வினோதமாகப் பார்த்தார். "பயமா? உசிரக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"சம்மணம் போட்டு அவ்வளவு நிம்மதியா இருந்தீங்க! முதுகு வலிக்குன்னுதானே போட்டீங்க?"

"முதுகுக்குத் தலையணை போதுமே. கால் ரெண்டும் உதறுச்சு. நீ பாத்தேன்னா நீயும் பயந்துருவ. அதான் மடக்கி மேல உக்காந்துக்கிட்டேன்."

சாவியைத் திருப்பப் போன கையால் அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த தலையணையைச் சரிசெய்தார்.

"இத முன்னாடியே சொல்லியிருந்தா ஃபாரத்துல எழுதியிருப்பேன்ல?"

"எழுதியிருந்தா இடமே கெடச்சிருக்காது" என்றார் கணவர். "கெளம்பு. கண்ணாடியப் பாத்து எடு."